மீனுக்கு முன்னால் ஒரு வாய்

கடைக்கு வருகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். விலையைப் பார்ப்பார்கள், காலாவதித் தேதியைப் பார்ப்பார்கள். இன்னும் விவரமானவர்கள் செல்போனில் படம் பிடித்து யாருக்கோ அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை என் கடை ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர் ஒருவர்தான் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்து, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு எடுத்து, நாக்கில் வைத்துக்கொண்டவர்.

"அண்ணே, அது மீனுக்கு!" என்று கத்தினேன்.

"தெரியுதுப்பா. படம் போட்டுருக்குல்ல."

கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் நாக்கை வாய்க்குள் உருட்டினார். கடையில் கோழித் தீவனம் வாங்க நின்ற இரண்டு பேர் அவர் கீழே விழுந்துவிடுவார் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணைத் திறந்தார். "தவிட்டு ருசிதேன். கடைசியில லேசாப் புளிக்குது. பரவால்ல, ஒண்ணு குடு" என்றார். பிறகு, பாக்கெட்டைக் கிழித்தது நினைவுக்கு வந்தவராக, "இதையே குடு" என்றார்.

சின்னமனூரில் மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் விற்றுக்கொண்டிருந்த கடை என்னுடையது. தோட்டத்தில் சொட்டுநீருக்குக் குட்டை வெட்டி, கறுப்பு ஷீட் விரித்துத் தண்ணீர் தேக்கியவர்கள், சும்மாதானே கிடக்கிறது என்று அதில் மீன் விடத் தொடங்கியபோது நானும் ஓரமாக ஓர் அலமாரி ஒதுக்கினேன். மிதக்கும் தீவனம், வைட்டமின், தாது உப்பு, அப்புறம் இந்த புரோபயாட்டிக் பொடி. 'மீனுக்கு டானிக்கா? அடுத்து அதுக்குச் செருப்பு விப்பியா?' என்று என்னைக் கேலி செய்யாத ஆள் அந்தக் கடைத்தெருவில் இல்லை. அலமாரியில் தூசிதான் சேர்ந்தது. அந்த நேரத்தில் வந்த முதல் நிரந்தர வாடிக்கையாளர் இப்படி வந்து சேர்ந்தார்.

பொடியில் இருப்பது நல்ல கிருமிகள் என்று அவருக்கு விளக்கினேன். மீனின் குடலுக்குள் போய், தின்றது செரிக்க உதவும். நோய்க்கிருமி ஏறுவதற்கு முன்னாலேயே, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, இடத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அவருக்கு அது பிடித்துப்போனது. பிறகு யார் கடையில் நின்றாலும் என் வேலையை அவரே எடுத்துக்கொண்டு, "உள்ள போயி துண்டு போட்டு உக்காந்துக்கிருமுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். அதோடு நிறுத்தமாட்டார். ஒரு சிட்டிகைப் பொடியை அவர்கள் பக்கம் நீட்டி, "ஒரு வாய் பாருங்க" என்பார். பாதிப் பேர் அதிலேயே ஓடிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒல்லியான ஆள். வெயிலில் காய்ந்து காய்ந்து நிறமே மாறிப்போன வெள்ளைச் சட்டை. துண்டைத் தோளில் போடமாட்டார், இடது மணிக்கட்டில் சுற்றியிருப்பார். நாக்கில் வைப்பதற்கு முன் ஒரு முறை, வைத்த பின் ஒரு முறை அதில் விரலைத் துடைத்துக்கொள்வார். அந்த ஒழுங்கைப் பார்த்தால் பந்தியில் உட்காரப் போகிறவர் மாதிரி இருக்கும்.

ஓடைப்பட்டிக்குப் போகிற வழியில் அவருடைய திராட்சைத் தோட்டம். ஒருநாள் காலையில் குட்டையைப் பார்க்க நானே போனேன். பந்தலுக்கு அந்தப் பக்கம் நாலு கரையும் மேடாக்கிய குட்டை. உள்ளே ரோகு, கட்லா, கொஞ்சம் ஜிலேபிக் கெண்டை. கரையில் அலுமினிய அன்னக்கூடையை வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தீவன உருண்டைகளில் பொடியைத் தூவி, அது ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் சோற்றுக்கஞ்சி தெளித்துப் பிசறி, நிழலில் உலர்த்தி வைத்திருந்தார். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடிதான். நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றையும் செய்தார். ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டு, கடக்கென்று கடித்து, மென்று முழுங்கினார். அதற்குப் பிறகுதான் முதல் கை தண்ணீருக்குப் போனது.

"சாப்பிடுங்கப்பா, சாப்பிடுங்க" என்றார்.

குட்டையின் பாதி வாயாக மாறி மேலே வந்தது. வேலைக்கு வருகிறவர்களை 'வாடா போடா' என்று கூப்பிடுகிற மனிதர், மீனுக்கு மட்டும் 'ங்க' போட்டதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நாக்குல என்னண்ணே தெரியும்?" என்று கேட்டேன். "அதுல இருக்கிற கிருமி உசுரோட இருக்கா செத்துப்போச்சான்னு லேபுல வச்சுத்தேன் பாக்கணும். உங்க நாக்கு சொல்லுமா?"

"சொல்லாது."

"பெறகு?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நாலு பேருக்குச் சோறு போடுறோம்னா நாம ஒரு வாய் பாத்துட்டுத்தேன் எலையில வைப்போம். அம்புட்டுதேன். இதுல என்ன லேபு?"

அவருடைய நாக்குக்கு ஏதோ அபூர்வ ஞானம் இருந்தது என்று இதைப் படிக்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது. ஒரு ஞானமும் இல்லை. ஒரு தடவை அந்த நாக்கே குட்டையைக் கவிழ்க்கப் பார்த்தது. பொடியைத் தவிட்டோடும் வெல்லத்தோடும் சேர்த்து, டிரம்மில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்து, குட்டையில் அளவாகக் கலந்துவிடுவது ஒரு முறை. அந்தத் தடவை டிரம்மில் விரல் விட்டுப் பார்த்தவருக்குப் புளிப்பு தூக்கலாகப்பட்டிருக்கிறது. பாவம், எப்படிக் குடிக்கும் என்று இரக்கப்பட்டு, வீட்டில் இருந்த வெல்லத்தையெல்லாம் தட்டிப் போட்டு, பாயசம் மாதிரி ஆக்கி, மொத்தத்தையும் சாயங்காலமே குட்டையில் ஊற்றிவிட்டார். வெல்லம் கிடைத்த கிருமி சும்மா இருக்குமா? பெருகித் தண்ணீரில் இருந்த காற்றையெல்லாம் தானே இழுத்துக்கொண்டது. விடிகிற நேரத்தில் மீன்கள் தண்ணீருக்கு மேலே வாயை வைத்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தன.

எனக்கு போன் வந்தது. "எல்லாம் மேல வந்து என்னையவே பாக்குதுப்பா" என்றார். குரல் அழுகிற குரல். மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கச் சொன்னேன். நான் போய்ச் சேர்ந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவரோ இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் தண்ணீரை அடித்து அடித்துக் காற்றை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். பெரும்பாலானவை பிழைத்தன. செத்தவற்றை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை, திராட்சைக் கொடிகளுக்கு அடியில் புதைத்தார். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு மீன்வளத்துறை மேடம் வந்தார். வயதில் சின்னவர், ஆனால் கறாரான ஆள். "ஐயா, உங்களுக்கு இனிக்கணும்கிறதுக்காக மீன் சாகணுமா?" என்று நேராகவே கேட்டார். சத்துப்பொடியை வேண்டுமானால் தொட்டுக்கொள்ளுங்கள், மருந்துப் பாட்டிலில் விரலை வைத்தால் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்றார். அண்ணன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அதன்பிறகு மருந்தைத் தொட்டதில்லை. அளவில் இம்மி பிசகாமல் மேடம் சொன்னபடி செய்தார். ஒரு வாய் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

வீட்டில் மதினிக்கு இந்தப் பழக்கம் ஆகவே ஆகாது. அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். வாசல்படி ஓரத்தில் ஒரு செம்பில் உப்புத் தண்ணீர் எப்போதும் இருக்கும். குட்டையிலிருந்து வருகிறவர் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் படி ஏற வேண்டும்.

"மீனு தீனியத் தின்னுட்டு அந்தக் கவுச்சி வாயோட உள்ள வராதீக" என்பார் மதினி. "மனுசன் திங்கிறதா அது? ஊருல யாராச்சும் செய்றாகளா?"

மதினி கோபப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அவர் கவுச்சி தொடுவதில்லை. மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அம்மை போட்டு, கண்ணில் பூ விழுந்துவிடும் என்று பயந்துகிடந்த நாட்களில், பார்வைக்குப் பழுது வராமல் காப்பாற்றினால் ஆயுசுக்கும் மீன், கறி தொடமாட்டேன் என்று வீரபாண்டி கௌமாரியம்மனிடம் வேண்டிக்கொண்டவர். மகளுக்குக் கண் பிழைத்தது. அவள் இப்போது கல்யாணமாகித் திண்டுக்கல்லில் இருக்கிறாள். மதினி சொன்ன சொல்லில் நின்றார். அதனால் குட்டை வந்த பிறகு அந்தக் கரைப் பக்கமே அவர் போனதில்லை. முன்பெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பந்தலுக்கு அடியில் நின்று கொடி கட்டி, குலை திருத்தி, கூடை தூக்கியவர்கள். குட்டை வந்ததும் அவர் கரையோடு போனார், மதினி வீட்டோடு நின்றார். நடுவில் அந்தச் செம்புத் தண்ணீர்.

ஒரு மழைநாளில், கரண்ட் போன என் கடையில் அவர் மாட்டிக்கொண்டார். பேச்சுக்கு ஆள் இல்லாமல் நான்தான் மறுபடியும் கிண்டினேன். எதற்கு அண்ணே இந்த ருசி பார்க்கிற வேலை, நெசமான காரணத்தைச் சொல்லுங்கள் என்றேன். வழக்கம்போல எதையாவது சொல்லிச் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"பந்தலுக்கு மருந்தடிச்ச மறுநா. பாப்பா அப்ப சின்னது. அம்மை வந்து எந்திரிச்சு ஓடியாட ஆரம்பிச்சிருந்த நேரம். நான் பாக்காதப்ப எட்டி ஒரு கொலையப் பிடிச்சு, பழத்த வாய்க்குக் கொண்டுபோயிருச்சு. ஓடிப்போயிக் கையிலயே ஒரு அடி அடிச்சேன். பழம் கீழ விழுந்துருச்சு. அழுகல. என்னைய நிமிந்து பாத்து, 'நம்ம பழந்தானப்பா?'ன்னுச்சு."

மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாள் கழிச்சுத் திங்கலாம், கழுவித் திங்கலாம், எல்லாம் எனக்குத் தெரியும். பக்குவமாத்தேன் வித்தேன், தப்பு ஒண்ணும் பண்ணல. ஆனா அது கேட்டதுக்குப் பதில் சொல்ல முடியலப்பா. நம்ம பழந்தான். நம்ம பிள்ளைதான். வாயில வச்சா அடிக்கிறேன். அன்னைக்கு நினைச்சேன், நாம வாயில வைக்காதத இன்னொரு வாய்க்குக் குடுக்கக் கூடாதுன்னு. பந்தலுல அது முடியல. குட்டையில முடியுது."

அதற்குப் பிறகு அவர் பாக்கெட்டைக் கடித்தபோதெல்லாம் நான் கத்துவதை நிறுத்திவிட்டேன். கத்திரிக்கோலை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். அவ்வளவு பிரியம் வந்துவிட்டது எனக்கு அந்த மனிதர்மேல்.

கொரோனா இரண்டாம் தடவை சுற்றி வந்தபோது அவருக்கும் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து, தேறி, எலும்பும் தோலுமாக ஒருநாள் கடைக்கு வந்தார். நான் கத்திரிக்கோலைக் கொடுத்தேன். மூலையை வெட்டினார். விரலைத் துடைத்தார், பொடியைத் தொட்டு நாக்கில் வைத்தார், கண்ணை மூடினார். நான் அவர் சொல்லப்போகும் வார்த்தைக்காகக் காத்திருந்தேன். தவிட்டு ருசியா, புளிப்பா, என்னவாவது. ஒன்றும் வரவில்லை. இன்னொரு விரல் எடுத்து வைத்தார்.

"ஒண்ணுமே தெரியலப்பா" என்றார். "மண்ணத் தின்ன மாதிரிகூட இல்ல. மண்ணுக்காச்சும் ஒரு ருசி இருக்கும்."

வந்துவிடும் அண்ணே, எல்லாருக்கும் இப்படித்தான் போய்த் திரும்ப வருகிறது என்றேன். வாரங்கள் போயின. மாதமும் போனது. வரவில்லை. வீட்டில் சாப்பாடு பிடிக்காமல் போனதுகூட அவருக்குக் கவலையாக இல்லை. காலையில் அன்னக்கூடையோடு கரையில் உட்கார்ந்து, உருண்டையை வாயில் போட்டு மென்று, ஒன்றும் தெரியாமல், கண்ணைக் கட்டிக்கொண்டு யாருக்கோ சோறு ஊட்டுகிற மாதிரித் தீவனத்தை வீசியிருக்கிறார். 'சாப்பிடுங்கப்பா' என்று சொல்வது நின்றுபோனது. ஒருநாள் வந்து, குமுளி வியாபாரியிடம் பேசிவிட்டதாகவும், வரும் வெள்ளிக்கிழமை வேனோடு வந்து குட்டையை மொத்தமாக வழித்து எடுத்துக்கொண்டு போகப்போகிறார் என்றும் சொன்னார். "வெறும் தண்ணித் தொட்டியாக் கெடக்கட்டும்" என்றார்.

நான் சத்தம் போட்டேன். "அண்ணே, மேடம் சொன்ன அளவு இருக்கு, நல்ல கம்பெனிச் சரக்கு இருக்கு. உங்க நாக்கு இல்லாட்டி மீனு சாப்பிடாதா?"

"சாப்பிடும். அதுக்கு என்ன தெரியும். எனக்குத் தெரியுதுல்ல."

வியாழக்கிழமை மத்தியானம், வாழ்க்கையில் முதல் தடவையாக மதினி என் கடைக்கு வந்தார். நெற்றி நிறையக் குங்குமம், கையில் பிரசாதப் பொட்டலம். வீரபாண்டிக்குப் போய்விட்டு, ஓடைப்பட்டி பஸ்ஸுக்கு நேரம் இருப்பதால் எட்டிப் பார்த்ததாகச் சொன்னார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தீவன மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இதுல என்னென்ன போடுறாக?"

"சோயா, மக்காச்சோளம், தவிடு, மீன் தூளு மதினி."

"மீன் தூளுன்னா?"

"கருவாட்டுப் பொடி மாதிரிதேன்."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "குட்டை போச்சுன்னா அவுக மக வீட்டுல போயி ஒரு மூலையில உக்காந்துருவாக தம்பி. இப்பவே பாதி ஆளா ஆயிட்டாக. எனக்குப் பயமா இருக்கு" என்றார். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது, போய்விட்டார்.

மறுநாள் வெள்ளன, விடிந்தும் விடியாததுமாக நான் தோட்டத்துக்குப் போனேன். கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம் என்றுதான். வேன் வந்து நின்றிருந்தது. வலையைக் கரையில் விரித்து உதறிக்கொண்டிருந்தார்கள். "சேட்டா, வலை எறக்கட்டே?" என்று வியாபாரி மலையாளத்தில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அண்ணன் மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து, தண்ணீர் பக்கம் பார்க்காமல், வேன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டில் துண்டு இல்லை.

அப்போது பந்தலுக்கு அடியிலிருந்து மதினி வந்தார். சேலையைத் தூக்கிச் செருகி, இடுப்பில் அன்னக்கூடை. கூடையில் பிசறி உலர்த்திய தீவனம். ஒருவரையும் பார்க்கவில்லை. நேராகக் கரை ஏறி, தண்ணீர் ஓரத்தில், அவர் வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். வீரபாண்டித் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். ஓர் உருண்டையை எடுத்து வாயில் வைத்தார்.

அந்த முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. கண் இரண்டும் நிறைந்துவிட்டது. எத்தனையோ வருடமாகக் கவுச்சி வாடையே படாத வாய். ஆனாலும் மென்றார். நிதானமாக, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை மென்றார். பிறகு திரும்பி ஓரமாகத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உப்புக் கம்மி" என்றார். "புளிப்பு சரியா இருக்கு. கருவாட்டு வீச்சம்தேன் கொடலப் பெரட்டுது, ஆனா கெட்டுப்போகல. போடலாம்."

வியாபாரி என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் மதினியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ, ஆத்தாகிட்ட நேந்துக்கிட்டது..." என்றார் மெல்ல.

"ஆத்தாகிட்டப் போயிக் கேட்டுட்டுத்தேன் வந்தேன். தின்னாத்தேன் விரதம் முறியும், ருசி பாத்துத் துப்புனா முறியாது."

"ஆத்தாவா சொன்னா?"

"நாந்தேன் சொன்னேன். அவ மறுத்து ஒண்ணும் பேசல. பிடிக்கலைன்னா பேசியிருப்பால்ல?" மதினி கூடையை அவர் பக்கம் தள்ளினார். "எம்புட்டு நேரம் காத்துக்கெடக்கும் அதுக? எடுத்துப் போடுங்க."

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கை அள்ளினார். "நெசமாவே புளிப்பு சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"வருசம் பூரா இட்லி மாவு அரைக்கிறவளப் பாத்துக் கேக்குற கேள்வியா இது?"

அவர் வீசினார். தண்ணீர் கொதித்தது. "சாப்பிடுங்கப்பா" என்று அவர் மறுபடியும் சொன்னார். வியாபாரியைச் சும்மா அனுப்பவில்லை. பெரிய மீன்களை மட்டும் பிடித்துக்கொண்டு போகச் சொன்னார், மற்றவை குட்டையிலேயே நின்றன. வியாபாரி முணுமுணுத்துக்கொண்டேதான் போனார்.

அன்றிலிருந்து காலையில் இரண்டு பேரும் கரைக்குப் போனார்கள். மதினி ஒரு வாய் பார்த்துச் சொல்வார், அவர் வீசுவார். நான் எப்போதாவது போனால் இரண்டு பேரும் எதையாவது பேசிக்கொண்டிருப்பார்கள். மகள் போன் பண்ணியது, பக்கத்துத் தோட்டத்துச் சண்டை, பல்லி விழுந்த பால். வாசலில் செம்பு இருந்தது, ஆனால் இப்போது இரண்டு பேரும் கொப்பளித்தார்கள்.

அடுத்த திராட்சை அறுவடை நேரத்தில், கடைக்கு வந்த அண்ணனுக்கு எதிர்க்கடையிலிருந்து டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னப்பா சீனிய அள்ளிக் கொட்டிட்டான்" என்றார். சொல்லிவிட்டு, சட்டென்று என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

"அண்ணே! ருசி வந்துருச்சா?"

"மெதுவாப் பேசு."

"எப்ப வந்துச்சு? மதினிகிட்டச் சொல்லிட்டீகளா?"

"சொல்லல. நீயும் சொல்லிறாத." டம்ளரைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். "வெள்ளன குட்டைக்கு வாராப்பா. உக்காந்து பேசுறோம். பந்தலுல ஒண்ணா வேல பாத்தப்பகூட இம்புட்டுப் பேசுனதில்ல. நாக்கு வந்துருச்சுன்னு சொன்னா, சரி நீங்களே பாத்துக்கங்கன்னு வீட்டோட நின்னுக்கிருவா."

"அப்ப நீங்க இப்ப ருசி பாக்குறதில்லையா?"

"பாக்காம எப்படி? அவ வாரதுக்கு முன்னாடி ஒரு வாய் பாத்துருவேன்."

ஆக, அந்தக் குட்டை மீன்களுக்கு இரண்டு பேர் ருசி பார்த்துச் சாப்பாடு போட்டார்கள். ராஜாக்களுக்கே ஓர் ஆள்தான் என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். நான் மதினியிடம் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

போன தை மாதம், காலையில் கரையிலிருந்து வீட்டுக்கு வந்து, வாய் கொப்பளித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்று சொல்லக்கூட அவருக்கு நேரம் இருக்கவில்லை. செய்தி கேட்டபோது முதலில் எனக்கு அந்தத் துண்டு சுற்றிய மணிக்கட்டுதான் நினைவுக்கு வந்தது. கடையைப் பூட்டிவிட்டு, பூட்டிய கடைக்கு முன்னாலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதேன்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து மதினி கடைக்கு வந்தார். மகள் திண்டுக்கல்லுக்குக் கூப்பிடுவதாகவும், வரவில்லை என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அலமாரியிலிருந்து பொடிப் பாக்கெட்டை எடுத்தார். நான் பழக்கத்தில் கத்திரிக்கோலை நீட்டினேன். வாங்கி மூலையை வெட்டி, சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு, அவரைப் போலவே கொஞ்சம் தொட்டார். தொட்டவர், நாக்கில் வைக்காமல் அப்படியே நின்றார்.

"தம்பி, அவுகளுக்கு ருசி திரும்பி வந்தது உங்களுக்குத் தெரியுமா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"எனக்கும் தெரியும். சந்தேகமா இருந்துச்சு, ஒருநா வேணும்னே ரசத்துல ரெண்டு மடங்கு உப்பப் போட்டேன். ஒரு வாய் வச்சாக. மூஞ்சி ஒரு தினுசாப் போச்சு. என்னைய ஒரு பார்வை பாத்தாக. பெறகு ஒண்ணுமே சொல்லாம, மிச்சம் வைக்காமக் குடிச்சாக. மறுசோத்துக்கும் ஊத்தச் சொல்லிக் குடிச்சாக."

"தெரிஞ்சும் நீங்க ஏன் மதினி நிறுத்தல? கவுச்சின்னா உங்களுக்கு..."

"நிறுத்தியிருந்தா வெள்ளன எனக்கு அங்கன என்ன வேலை தம்பி?"

விரலை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ரோட்டில் கம்பம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கண்ணைத் திறந்தார்.

"புளிப்பு சரியா இருக்கு" என்றார். "இதையே குடுங்க."